மூடர் பட்டம் சூடிய பேரறிஞர்

சென்ற மாதம் ஒரு மாலைப்பொழுதில், ஒன்பதாம் வகுப்பிற் பயிலும் என் பேர்த்தி ஆங்கிலக் கதைநூல் ஒன்றைக் கையில் ஏந்திக்கொண்டு விறாந்தைக்கு வந்தாள். "அம்மப்பா, இந்தப் புத்தகத்தில் டன்ஸ் தாத்தாவின் பெயர் வந்திருக்கிறது, பாருங்கள்" என்று வியப்போடு கூறி, ஒரு வரியின்கீழ் விரலை வைத்துக் காட்டினாள்.

கண்ணாடியை அணிந்துகொண்டு பார்த்தேன். பாடம் ஒப்புவிக்க இயலாத சிறுவன் ஒருவனை வகுப்பின் மூலையில் நிறுத்தி, கூம்பு வடிவான கடதாசித் தொப்பியொன்றை அவன் தலையிற் கவிழ்த்ததாகக் கதை கூறியது. அத்தகைய சிறுவனுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயரே 'டன்ஸ்' என்பது.

டன்ஸ் தாத்தா என்று அவள் குறிப்பிட்டவர் எங்கள் தம்பலகாமத்துக் கமக்காரர். இளமையில் என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவர். சில ஆண்டுகளின் முன் காலமானார். மரண அறிவித்தலில், ஊர்வழக்கப்படி, இயற்பெயரின் அருகே அடைப்புக்குறிக்குள் 'டன்ஸ்' என்றும் அச்சிட்டிருந்தார்கள். அவருடைய பிள்ளைகளுக்கு அச்சொல்லின் கருத்துத் தெரியாது. தந்தையை ஊரார் அன்போடு அழைத்த செல்லப்பெயர் என்றே எண்ணியிருந்தனர். எனக்கோ கருத்தும் தெரியும். அப்பெயர் அவருக்கு வந்த வரலாறும் தெரியும். தெரிந்திருந்தும் வாய்திறவாது இருந்தேன். ஆகவே, இவ்வாரம் இச்சொல்லின் கதையையே வாசகர்முன் வைக்கின்றேன்.

மெல்ல நடப்பவரையும் எதற்கும் பிந்தி வருபவரையும் கேலிசெய்ய ஆங்கிலத்திற் பல சொற்கள் உண்டு. 'ஸ்லோகோச்' என்பது அவற்றுள் ஒன்று. மெதுவாகச் செல்லும் குதிரைவண்டி என்பது அதன் நேர்ப்பொருள். இங்கிலாந்தின் நெடுஞ்சாலைகளிலே தபால்வண்டிகள் நேரந்தவறாது விரைந்தோடிய பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இக்கேலி வழக்குக்கு வந்தது. சார்ள்ஸ் டிக்கன்ஸ் 1836, 1837ஆம் ஆண்டுகளில் எழுதிய பிக்விக் கதையில் இதனைக் காணலாம். 'கோச்' என்ற வண்டிப்பெயரோ ஹங்கேரி நாட்டுக் கொச் என்னும் சிற்றூரின் பெயரிலிருந்து பிறந்தது. இச்சொல்லில் நஞ்சில்லை. கோயிலுக்குப் புறப்படத் தாமதிக்கும் மகளைத் தாய் 'ஆமை' என்று சொல்லிச் சிரிப்பதைப் போன்றதே இதுவும்.

'டன்ஸ்' அத்தகையதன்று. காலின் மெதுவை விட்டு அறிவின் மெதுவைச் சுட்டும் சொல் அது. 'எவ்வளவு சொல்லிக்கொடுத்தாலும் இவனுக்கு ஏறாது' என்று ஒரு பிள்ளையைப் பற்றித் தீர்ப்பு எழுதி, முத்திரையும் குத்திவிடுகிறது. அத்தகைய கொடுஞ்சொல்லின் வேரைத் தேடிப் போனால், ஐரோப்பாவின் மிகச்சிறந்த தத்துவ அறிஞர் ஒருவரின் வாசலிற் போய் நிற்போம்.

ஸ்கொத்லாந்தின் தென்புறத்தில், இங்கிலாந்தின் எல்லைக்கு அண்மையில், டன்ஸ் என்றோர் ஊர் உண்டு. ஏறத்தாழ 1266ஆம் ஆண்டளவில் பிறந்த ஜோன் என்பவர் அவ்வூர்ப் பெயரையே தம் பெயரோடு சேர்த்துக்கொண்டார். நம்மவர் பெயருக்கு முன்னே ஊர்ப்பெயர் நிற்பதைப் போன்றதே இதுவும். ஸ்கொத்லாந்தர் என்னும் பொருளில் 'ஸ்கோட்டஸ்' என்ற இலத்தீன் அடைமொழியும் சேர, உலகம் அவரை ஜோன் டன்ஸ் ஸ்கோட்டஸ் என்று அறிந்தது. பிரான்சிஸ்கன் சபையில் துறவியாகச் சேர்ந்த அவர், 1291ஆம் ஆண்டு மார்ச் 17ஆந் திகதி நோர்தாம்ப்டன் நகரிற் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார். ஒக்ஸ்போர்டிலும் பின்னர் பரிசிலும் விரிவுரை செய்தார்.

அக்காலத்து ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களின் வாத முறை நமக்குப் புதியதன்று. முதலில் ஒரு வினாவை எழுப்புவர். அதற்கு மாறான கருத்துகளையெல்லாம் அடுக்குவர். பின்னர்த் தம் விடையைக் கூறி, மாற்றாரின் ஒவ்வொரு நியாயத்தையும் தனித்தனியே மறுப்பர். சைவ சித்தாந்தம் பயின்றோர் இதனைப் பரபக்கம், சுபக்கம் என்று அறிவர். அம்முறையிலே சிவஞான சித்தியாரை இயற்றிய அருணந்தி சிவாசாரியார் வாழ்ந்ததும் அதே பதின்மூன்றாம் நூற்றாண்டே. ஒரு கருத்தை எடுத்து, தலைமயிரை நெடுக்கே பிளப்பது போலப் பகுத்துக் காட்டுவதில் டன்ஸ் ஸ்கோட்டஸ் ஒப்பாரின்றி விளங்கினார். நுண்ணறிவுப் பேராசான் என்னும் பொருள்படும் இலத்தீன் விருதுப்பெயரையே அறிஞருலகம் அவருக்கு வழங்கியது.

அவர் நெஞ்சுரமும் உடையவர். பிரான்ஸ் மன்னன் நான்காம் பிலிப்புக்கும் பாப்பரசர் எட்டாம் பொனிபாசுக்கும் பகை மூண்டபோது, மன்னன் பக்கம் சேர மறுத்தவர்களை 1303இல் நாட்டைவிட்டு வெளியேற்றினார்கள். வெளியேறியோரில் ஸ்கோட்டசும் ஒருவர். அடுத்த ஆண்டு பரிசுக்குத் திரும்பினார். 1307இல் ஜெர்மனியின் கொலோன் நகருக்கு அனுப்பப்பட்டு, 1308ஆம் ஆண்டு நவம்பர் 8ஆந் திகதி அங்கேயே காலமானார். அப்போது அவருக்கு வயது நாற்பதுக்குச் சற்று மேல்.

அவருடைய கொள்கைகளுள் ஒன்றை மட்டும் மாணவர்க்கு விளங்குமாறு கூறுகின்றேன். ஒரு சாக்கு நெல்லை அவிழ்த்துக் கையில் அள்ளுங்கள். எல்லாம் ஒரே நெல். ஒரே வயலில், ஒரே போகத்தில் விளைந்தவை. ஆயினும் இந்த மணி அந்த மணி அன்று. இதனை இதுவாக்குவது யாது? நிறமா, வடிவமா, கிடக்கும் இடமா? இவை எவையும் அல்ல என்றார் ஸ்கோட்டஸ். இனத்திற்குரிய பொதுத்தன்மைக்கு மேலாக, ஒவ்வொரு பொருளுக்கும் அதனை அதுவாகவே நிறுத்தும் தனித்தன்மை ஒன்று உண்டு என்பது அவர் முடிபு. இலத்தீனில் அதற்கு வழங்கிய பெயரை 'இதுவாந்தன்மை' என்று தமிழிற் கூறலாம். மனிதர்க்கும் இது பொருந்தும். வகுப்பிலே நாற்பது பிள்ளைகள் இருந்தால், நாற்பது இதுவாந்தன்மைகள் இருக்கின்றன என்பது பெறப்படும்.

இத்தகையவரின் பெயர் மூடரின் பெயரானது எங்ஙனம்? அவர் மறைந்து இருநூறு ஆண்டுகள் வரை அவருடைய நூல்கள் பல்கலைக்கழகங்களிற் கோலோச்சின. அவரைப் பின்பற்றியோர் 'டன்ஸ் ஆட்கள்' எனப்பட்டனர். பதினாறாம் நூற்றாண்டில் காற்று மாறி வீசியது. கிரேக்க மொழியையும் எபிரேய மொழியையும் கற்று மூலநூல்களையே படிக்கவேண்டும் என்ற புதிய கல்வி இயக்கம் எழுந்தது. டன்ஸ் ஆட்களுட் பலர் அதனைக் கடுமையாக எதிர்த்தனர். விவிலியத்தை ஆங்கிலத்திற்குப் பெயர்த்த வில்லியம் டிண்டேல், இவர்கள் பிரசங்க மேடைகளில் நின்று புதிய மொழிக் கல்வியைத் தூற்றியதைக் கசப்போடு குறித்துள்ளார். புதியோர் பழையோரை 'டன்ஸ்' என்று எள்ளத் தொடங்கினர். பிழை ஒரு பக்கத்தில் மட்டும் இருந்ததென்று சொல்லமுடியாது. மாணாக்கரின் பிடிவாதத்திற்கான தண்டனை, என்றோ மறைந்த ஆசானின் பெயரின்மேல் விழுந்தது.

எட்டாம் ஹென்றி மன்னன் உரோமோடு உறவை அறுத்த காலத்தில் இப்பகை அரசாணையாகவே மாறியது. 1535ஆம் ஆண்டு, மன்னனின் அதிகாரிகள் ஒக்ஸ்போர்டைச் சோதனையிடச் சென்றனர். அவர்களுள் ஒருவரான ரிச்சர்ட் லேற்றன், தோமஸ் குரோம்வெல்லுக்கு எழுதிய கடிதம் இன்றும் கிடைக்கின்றது. டன்ஸை ஒக்ஸ்போர்டிலிருந்து என்றென்றைக்கும் துரத்திவிட்டதாக அவர் அதிற் பெருமை பாராட்டுகிறார். தாம் மீண்டும் நியூ கல்லூரிக்குப் போனபோது, அதன் முற்றமெங்கும் டன்ஸின் நூல்களிலிருந்து கிழிந்த ஏடுகள் காற்றில் அலைந்ததையும், அயலூர்க் கனவான் ஒருவர் அவற்றைப் பொறுக்கிக்கொண்டிருந்ததையும் கண்டாராம். எதற்கென்றால், மான்கள் காட்டைவிட்டு வெளியேறாதபடி கட்டும் வெருட்டுத் தாள்களுக்கு. தினைப்புனத்திற்கும் நெல்வயலுக்கும் வெருளி கட்டிப் பழகியவர்கள் நாம். பேரறிஞர் ஒருவரின் ஏடுகள் வெருளியாய்த் தொங்குவதை மனக்கண்ணில் நிறுத்திப் பாருங்கள்.

அதன்பின் பொருள் படிப்படியாக இறங்கியது. டன்ஸைப் பின்பற்றுபவன் என்பது முதற்பொருள். வீண்வாதம் செய்பவன் என்பது அடுத்தது. ஏட்டறிவன்றி மற்றறிவு இல்லாதவன் என்றாகி, அந்நூற்றாண்டு முடியுமுன்னரே கற்க இயலாத மந்தன் என்ற கருத்து நிலைபெற்றுவிட்டது. 1728இல் அலெக்சாந்தர் போப் தமக்கு வேண்டாத எழுத்தாளர்களை நையாண்டி செய்து இயற்றிய நெடுங்கவிதைக்கு இச்சொல்லைக் கொண்டே பெயரிட்டார். டிக்கன்ஸின் 1840ஆம் ஆண்டுக் கதையொன்றில், கிராமப் பள்ளிக்கூடத்தின் சிறு தட்டொன்றில், பழைய புதினத்தாள்களாற் செய்த டன்ஸ் தொப்பி வைக்கப்பட்டிருக்கிறது. நுண்ணறிவுப் பேராசானின் பெயர் சிறுபிள்ளைகளின் தலையில் ஏறிய கதை இதுவே.

பிற்காலத்தார் சிலர் அவருக்கு நீதி செய்ய முயன்றதுண்டு. கவிஞர் ஜெரார்ட் மான்லி ஹொப்கின்ஸ் 1879இல் ஒக்ஸ்போர்டில் இருந்தபோது, அந்நகரை டன்ஸ் ஸ்கோட்டசின் நகரென்றே போற்றிப் பாடினார். 1993ஆம் ஆண்டு மார்ச் 20ஆந் திகதி பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் அவரை முத்திப்பேறு பெற்றவராக அறிவித்தார். ஆனால் அகராதி இரங்கவில்லை. அதில் அவர் இன்றும் மூடரே.

தமிழின் நிலை என்னவெனில், நம்மிடமும் இவ்வகைச் சொற்களுக்குப் பஞ்சமில்லை. ஆயினும் 'மந்தன்' என்ற சொல்லைச் சற்று நின்று நோக்கவேண்டும். அஃது அறிவு மந்தமானவனைக் குறிக்கும், சனிக்கோளையும் குறிக்கும். வடமொழியில் சனைச்சரன் என்றாலும் மெல்லச் செல்பவன் என்பதே பொருள். பூமி ஓராண்டிற் சூரியனை ஒருமுறை சுற்ற, சனிக்கு ஏறத்தாழ இருபத்தொன்பதரை ஆண்டு செல்லும். அதன் பாதை பூமியின் பாதையிலும் ஒன்பதரை மடங்கு பெரிது, நடையும் மெது. அந்த மெது அதன் பிழையன்று. அது நிற்கும் தொலைவிற்கும் சுற்றும் வட்டத்திற்கும் உரிய ஒழுங்கு. இதே 'மந்தம்' தென்றலோடு சேர்ந்து மந்தமாருதம் ஆகும்போது நாம் மகிழ்ந்து போற்றுகிறோம். காற்றுக்கு அழகான ஒன்று, பிள்ளைக்கு வசையாகிவிடுகிறது.

'மடையன்' என்ற சொல்லும் அவ்வாறே. மடமை காரணமாக அறிவிலியை மடையன் என்கிறோம். ஆனால் சோற்றையும் படையலையும் குறிக்கும் மடை என்ற சொல்லிலிருந்து வந்த வேறொரு மடையன் உண்டு. பழைய வழக்கில் அவன் சமையற்காரன். கோயில் மடைப்பள்ளியை நினைக்க. வயலூராராகிய எங்களுக்கோ மடை என்றால் முதலில் நினைவில் வருவது நீர் பாயும் மடையே. ஒலி ஒன்றாயிருப்பதால் ஆளும் ஒன்றென்று கொண்டால் எத்தனை பெரிய தவறாகும்! அத்தவறைச் செய்தவன் நான். இனி, என் வாங்குத் தோழரின் கதைக்கு வருகின்றேன்.

அவருக்கு எழுத்துக் கூட்டி வாசிக்க வரவில்லை. தமிழும் அப்படியே, ஆங்கிலமும் அப்படியே. எழுத்துகள் தாளிலே நிற்காமல் நழுவுகின்றன என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். நான் சிரித்தேன். ஆசிரியர் ஒருவர் அவரை வாங்கின்மேல் ஏற்றிவைத்து, 'டன்ஸ்' என்று பெயரிட்டார். எங்களுள் எவருக்கும் அதன் கருத்துத் தெரியாது. 'டான்ஸ்' என்ற சொல்லின் தம்பி என்று எண்ணி, அவரைச் சூழ்ந்துநின்று ஆடினோம். எல்லாரிலும் உரக்கக் கத்தியவன் நான். ஐந்தாம் வகுப்போடு அவர் பள்ளிக்கு வருவதை நிறுத்திவிட்டார். பெயர் மட்டும் அவரோடு வயலுக்கும் போயிற்று.

அங்கே அவர் எப்படியிருந்தார் என்பதை ஊர் அறியும். கந்தளாய்க் குளத்து நீரை நம்பி விளைவது எங்கள் வயல்வெளி. கதவு திறந்து எத்தனை நாழிகையில் நீர் எந்த வாய்க்காலைச் சேரும், தலைமடைக்காரன் எவ்வளவு மறித்தால் கடைமடைக்காரனின் பயிர் வாடும், சிறுபோகத்தில் எத்தனை ஏக்கர் விதைத்தால் கதிர் முற்றும்வரை நீர் தாங்கும் என்பவற்றையெல்லாம் மனக்கணக்காகவே சொல்வார். பிழைத்ததை நான் கண்டதில்லை. வரம்புச் சண்டைகளும் தண்ணீர்ச் சண்டைகளும் அவர் சொல்லோடு அடங்கின. எழுதப்பட்ட அறிவித்தல் வந்தால் மட்டும், என்னிடம் கொண்டுவந்து வாசிக்கச் சொல்லிக் கேட்பார். ஒருமுறை கேட்டதை மறக்கமாட்டார்.

இங்கிலாந்தின் சீபோர்ட் நகர் வைத்தியர் பிரிங்கிள் மோர்கன் என்பவர் 1896இல் மருத்துவ இதழொன்றில் எழுதிய குறிப்பைப் பிற்காலத்திற் படித்தபோது, என் தோழரையே அதிற் கண்டேன். பதினான்கு வயதுச் சிறுவன், கூரிய அறிவினன், விளையாட்டில் எவர்க்கும் பின்னிடாதவன். ஆயினும் பல்லாண்டு கற்பித்தும் எளிய சொற்களைக்கூட வாசிக்க அவனால் இயலவில்லை. பாடம் முழுவதும் வாய்மொழியாகவே நடந்தால் பள்ளியிலேயே கெட்டிக்காரன் இவன்தான் என்று அவனுடைய ஆசிரியர் கருதினாராம். இன்று இதனை டிஸ்லெக்சியா என்கிறார்கள். அறிவுக்குறைவு அன்று, எழுத்தையும் ஒலியையும் இணைப்பதில் உள்ள இடர்ப்பாடு. ஏற்ற முறையிற் பொறுமையோடு கற்பித்தால் இத்தகைய பிள்ளைகளும் வாசிக்கப் பழகுவர் என்று விளக்குகிறார்கள். என் தோழருக்கு இருந்தது இதுதானென்று தீர்ப்புக்கூற நான் வைத்தியனல்லேன். எவரும் அவரைச் சோதித்துப் பார்த்ததில்லை என்பதை மட்டும் அறிவேன். பார்க்குமுன்னரே பெயர் வைத்துவிட்டோம்.

எங்களுக்கு முப்பது வயதிருக்கும். ஒருநாள் வரம்பில் இருந்தபோது அவர் திடீரென்று, "நீ இங்கிலீசு படிச்சனி தானே, டன்ஸ் எண்டால் என்ன கருத்து?" என்று கேட்டார். அப்போது எனக்கு அகராதிப்பொருள் தெரியும். சொல்ல நா எழவில்லை. "அது பெரிய படிப்பாளி ஒருவரின் பெயர்" என்று வாயில் வந்த பொய்யைச் சொல்லிவைத்தேன். அவர் சிறிது நேரம் நீரைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப அது எனக்குப் பொருந்தாதே" என்றார்.

பல ஆண்டுகளின் பின், நூல்களைப் புரட்டும்போது, நான் சொன்ன பொய் உண்மையே என்று கண்டேன். அன்றே போய் அவரிடம் டன்ஸ் ஸ்கோட்டசின் கதையைச் சொல்லியிருக்கலாம். சொல்லப்போனால் பழைய கூத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டிவரும். நாளை, நாளை என்று தள்ளிக்கொண்டே வந்தேன். பின்னர் மரண அறிவித்தல்தான் வந்தது. எங்கள் இருவருள் மந்தன் எவன் என்று வாசகர்களே தீர்மானிக்கலாம்.

இவற்றையெல்லாம் பேர்த்திக்குச் சொல்லிமுடித்தபோது விளக்கு வைக்கும் நேரமாகிவிட்டது. அவள் வேறொன்றும் சொல்லவில்லை. "அவருடைய சொந்தப் பெயர் என்ன, அம்மப்பா?" என்று கேட்டாள். சொன்னேன். மறுநாள் நானே அவர் வீட்டுக்குப் போய், இக்கதை முழுவதையும் அவருடைய மூத்த மகனிடம் கூறினேன். அவர் கோபிக்கவில்லை. ஆனால் அடுத்த ஆண்டுத் திவசத்திற்கு அச்சிடும் அழைப்பில் இயற்பெயரை மட்டும் போடப்போவதாகச் சொன்னார்.

பெற்றோர்க்கும் ஆசிரியர்க்கும் நான் வேண்டுவது இதுவே. ஒரு பிள்ளை பாடத்திற் பிந்தினால் முதலிற் கண்ணையும் காதையும் சோதிப்பியுங்கள். வாசிக்க இயலாவிடில் வாயாற் சொல்லவிட்டுக் கேளுங்கள். அவனை அவனாக்கும் தன்மை எதுவென்று தேடிப் பாருங்கள். அதைத்தான் அந்த ஸ்கொத்லாந்துத் துறவி எழுநூறு ஆண்டுகளின் முன் உணர்த்தினார். மாணவர்களே, உங்கள் தோழனுக்குப் பட்டப்பெயர் சூட்ட நா துடித்தால், அச்சொல் அவனோடு எவ்வளவு தூரம் நடக்கும் என்பதை ஒருகணம் எண்ணிக்கொள்ளுங்கள். பள்ளி வாங்கில் நாம் விளையாட்டாக விட்ட சொல் அறுபது ஆண்டு நடந்து, மரண அறிவித்தல் வரை போனதை நான் கண்ணாற் கண்டேன்.

அடுத்த கிழமை வேறொரு சொல்லோடு சந்திப்போம்.